பகிர்ந்த படங்கள் கட்டிய இணைப்பு: பர்மா தமிழ்ப் படக்காரர்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பர்மாவில் புகைப்படம் எடுக்கும் தமிழ்ப் படக்காரர்கள் சிலர், படங்களை இணையத்தில் பகிர்ந்ததன் மூலம் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுகொண்டார்கள், அந்த உறவு எதனால் வலுப்பட்டது, இணையம் முடக்கப்பட்டபோது அதில் எது மிஞ்சியது என்பதன் பதிவு இது. நான் படக்காரன் இல்லை. யாங்கோனில் ஒரு கோவிலின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடம் நடத்துபவன். படங்களுக்குத் தமிழில் விவரம் எழுதிக் கொடுக்கத்தான் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இதில் வரும் எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களைத் தரவில்லை. கிராமங்களின் பெயரையும், ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

பர்மாத் தமிழர்கள் ஒரே இடத்தில் குவிந்து வாழ்பவர்கள் அல்ல. யாங்கோனில் கொஞ்சம் பேர், பாகோ பக்கத்து நெல் கிராமங்களில் கொஞ்சம் பேர், தெற்கே தட்டோன், மோல்மேன் வரை கொஞ்சம் பேர். 1942-இல் போருக்குப் பயந்து நடந்தே போனவர்கள் போக, 1960களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது கப்பலேறியவர்கள் போக, தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று இருப்பவர்கள். ஊர் விட்டு ஊர் போய் ஒருவரையொருவர் பார்ப்பது கல்யாணத்துக்கும் கோவில் திருவிழாவுக்கும்தான்.

அந்தத் திருவிழாக்களை ஊருக்கு ஒரு ஸ்டூடியோக்காரர் படம் எடுப்பார். பக்கத்து ஊரில் அதே வேலையைச் செய்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் போட்டிக்காரர் என்றுதான் தெரியும். எந்த லென்ஸ் வாங்கினார், எந்த லேபில் பிரிண்ட் போடுகிறார் என்பதெல்லாம் வெளியே சொல்லாத விஷயங்கள்.

இணையமும் அப்போது எளிதில் கிடைக்கவில்லை. ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற காலம் அது. 2014-இல் இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் சேவையைத் தொடங்கியதும் சிம் விலை பர்மியப் பணத்தில் வெறும் 1500 சாட்டுக்கு வந்தது. அதன் பிறகு ஓராண்டுக்குள் வயலில் வேலை செய்பவர் கையிலும் கேமரா வைத்த போன் இருந்தது. அந்தப் போனைத் திறந்தால் பேஸ்புக். பலருக்கு இணையம் என்பதே அதுதான்.

அதற்கு முன்பே இணையத்தில் படம் பகிர்ந்த ஒருவர் எனக்குத் தெரிய இருந்தார். யாங்கோனில் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர், அப்போது முப்பது வயதை ஒட்டியவர். இரவில் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து ஃப்ளிக்கரில் படம் ஏற்றுவார். ஒரு படம் ஏறுவதற்குள் டீ ஆறிவிடும் என்பார்.

ஃப்ளிக்கர் 2004 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே யாஹூ அதை வாங்கியது. படத்தைச் சேமித்து வைக்கும் இடம் என்பதோடு, யாருடைய படம் பிடித்திருக்கிறதோ அவரைத் தொடர்பில் சேர்த்துக்கொள்ளும் வசதியும், ஒரே விருப்பம் உள்ளவர்கள் கூடும் குழுக்களும் அதில் இருந்தன. நீங்கள் ஒருவரைச் சேர்த்தால் அவர் உங்களைத் திருப்பிச் சேர்த்தாக வேண்டும் என்பதில்லை. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஃப்ளிக்கரின் தொடர்புகளில் 62 சதவீதம் இரு பக்கமும் அமைந்தவை என்று கணக்கிட்டது. அதாவது, கட்டாயமே இல்லாத இடத்திலும் பெரும்பாலானவர்கள் பதிலுக்குக் கை நீட்டியிருக்கிறார்கள்.

மருந்துக் கடைக்காரருக்கும் அப்படி ஒரு தொடர்பு கிடைத்தது. பினாங்கில் தைப்பூசத்தைப் படம் எடுக்கும் ஒரு தமிழர். இருவரும் நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதில்லை. ஆண்டுக்கு நாலைந்து தடவை ஒருவர் படத்தை மற்றவர் பாராட்டுவார், அவ்வளவுதான். இந்தத் தொடர்பு பின்னால் மறுபடி வரும்.

தீமிதிப் படமும் முதல் கேள்வியும்

2015-இல் பாகோ பகுதிக் கிராமம் ஒன்றின் அம்மன் கோவில் திருவிழாவில், இருபது வயதைத் தாண்டாத பையன் ஒருவன் தீமிதியைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டான். குண்டத்தின் நடுவில் ஒரு கால் பதிந்திருக்கிறது, இன்னொரு கால் தூக்கியிருக்கிறது. தூக்கிய பாதத்திலிருந்து பொறிகள் கீழே உதிர்கின்றன. மஞ்சள் வேட்டியின் கரை மட்டும் நெருப்பு வெளிச்சத்தில் சிவந்திருக்கிறது. முகம் சட்டகத்தில் இல்லை.

நூற்றுக்கணக்கில் லைக் விழுந்தது. ‘சூப்பர்’, ‘ஓம் சக்தி’ என்று வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவே, மோல்மேனில் நீண்டகாலமாக ஸ்டூடியோ வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், “தம்பி, பிளாஷ் போடாம இதை எப்படி எடுத்தீங்க? எனக்குக் கரியெல்லாம் சாம்பலாத்தான் வருது” என்று எழுதினார்.

பையன் அன்றிரவே விவரமாகப் பதில் போட்டான். பிளாஷ் அடித்தால் கனலின் வெளிச்சம் அமுங்கி, கரி சாம்பல் நிறமாகத்தான் தெரியும். புகையும் வெள்ளைத் திரை மாதிரி முன்னால் வந்து நிற்கும். அதனால் பிளாஷை அணைத்துவிட்டு, குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும்படி பழைய 50 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சர் 2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/200 வைத்ததாகச் சொன்னான். இருட்டியபின் காத்திராமல், வானத்தில் இன்னும் நீலம் மிச்சம் இருக்கும்போதே எடுத்ததையும் சேர்த்துச் சொன்னான். பெரியவர் திரும்ப ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரர் நடுவில் புகுந்து, தன்னுடைய அனுபவத்தைச் சொன்னார். தட்டோனிலிருந்து ஒரு பெண், போன் கேமராவில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஒரு வாரத்தில் ஐந்து ஊர்க்காரர்கள் அந்த ஒரு படத்துக்குக் கீழே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கவனித்தவை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஃப்ளிக்கரில் படத்தின் பக்கத்திலேயே கேமரா, லென்ஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் தானாகத் தெரியும். கேமரா படத்தோடு சேர்த்து எழுதி வைக்கும் தகவல் அது. பேஸ்புக்கில் படம் ஏறும்போது அந்தத் தகவல் நீங்கிவிடும். படக்காரனுக்கு இது குறைதான். ஆனால் அந்தக் குறையால்தான் மோல்மேன் பெரியவர் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது. கேட்டதால் பதில் வந்தது, பதிலால் பழக்கம் வந்தது. ஃப்ளிக்கரில் அதே படம் இருந்திருந்தால் அவர் எண்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார் என்பது என் உறுதியான எண்ணம். மருந்துக் கடைக்காரரும் பினாங்குக்காரரும் பல ஆண்டுகள் பாராட்டோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு வந்த ஆண்டுகளில் யார் யாரோடு நெருங்கினார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. பாராட்டில் தொடங்கிய பழக்கங்கள் பெரும்பாலும் பாராட்டோடு நின்றன. கேள்வியில் தொடங்கியவை போன் எண்ணுக்குப் போயின, அங்கிருந்து லென்ஸ் கடன் கொடுப்பதற்குப் போயின.

இன்னொன்று, படம் எப்படிப் பரவியது என்பது. 2009-இல் வெளிவந்த ஃப்ளிக்கர் பற்றிய ஓர் ஆய்வு, படங்களை விருப்பப் பட்டியலில் சேர்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவற்றை நண்பர்கள் வழியாகக் கண்டவர்கள் என்று சொன்னது. மிகப் பிரபலமான படங்கள்கூட மெதுவாகத்தான் நகர்ந்தன, வெகுதூரம் போகவில்லை என்பதும் அதன் முடிவு. இங்கேயும் படம் பழகியவர்கள் வழியாகத்தான் போனது. ஆனால் ஊரைத் தாண்டிப் படத்தைக் கொண்டு போனவர்கள் படக்காரர்கள் இல்லை. படத்தில் இருந்தவர்கள். காவடி எடுத்தவருக்கு மோல்மேனில் அத்தை, தட்டோனில் சம்பந்தி, யாங்கோனில் தம்பி. யாரோ ஒருவர் அவர் பெயரை டேக் செய்தால் மூன்று ஊர்களிலும் படம் திறந்தது. அந்த ஊர்ப் படக்காரர்களும் பார்த்தார்கள். திருவிழாவில் கூடும் சொந்தபந்தம்தான் இணையத்திலும் பாதை போட்டுக் கொடுத்தது.

முதல் முடிவு: ஒரு குழு, ஒரே நிபந்தனை

2016-இல் ஒரு மூடிய குழுவைத் தொடங்கினார்கள். மருந்துக் கடைக்காரர் அட்மின். ஒரே நிபந்தனைதான்: படம் போடுபவர் எப்படி எடுத்தார் என்பதையும் எழுத வேண்டும், யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். தொழில் ரகசியம் போய்விடுமே என்று சில ஸ்டூடியோக்காரர்கள் தயங்கினார்கள். மோல்மேன் பெரியவர், “என் ஊர்க் கல்யாணத்துக்கு பாகோவிலேர்ந்து ஆள் வரப் போறதில்லை. எதுக்கு ஒளிக்கணும்?” என்று கேட்டதோடு பேச்சு முடிந்தது.

மொழிதான் சிரமமாக இருந்தது. இளையவர்களில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பர்மிய எழுத்திலோ ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதினார்கள். பர்மிய எழுத்துகளும் அப்போது இரண்டு விதமான எழுத்துரு முறைகளில் சிக்கியிருந்ததால், ஒருவர் போனில் சரியாகத் தெரிந்தது இன்னொருவர் போனில் கலைந்து தெரிந்தது. கடைசியில் குரல் பதிவுகள் கைகொடுத்தன. பெரியவர் பேசி அனுப்பினார், பையன்கள் கேட்டுப் பழகினார்கள். குழு நாற்பது பேர் அளவுக்கு வளர்ந்தது.

அருள் வந்த பெண்ணின் படம்

2017-இல் குழுவையே உடைக்கப் பார்த்த சம்பவம் இது. ஒரு திருவிழாவில் அருள் வந்து ஆடிய ஒரு பெண்ணின் படத்தை உறுப்பினர் ஒருவர் பொதுவில் போட்டார். படமாகப் பார்த்தால் மிக நல்ல படம். கூந்தல் அவிழ்ந்து காற்றில் நிற்கிறது, கண் மேலே செருகியிருக்கிறது, நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குவரை வழிந்திருக்கிறது. இரண்டு நாளில் அது தமிழர் அல்லாதவர்களிடமும் போய், கேலியும் கிண்டலுமாக எழுதப்பட்டது. அந்தப் பெண் வேலை பார்க்கும் இடத்தில் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். கணவர் வீட்டார் கோவில் நிர்வாகத்திடம் வந்து நின்றார்கள்.

எடுத்தவர், பொது இடத்தில் நடந்ததைத்தான் எடுத்தேன், ஆயிரம் பேர் பார்த்ததுதானே என்றார். பாதிப் பேர் அவர் பக்கம் இருந்தார்கள். அப்போது தட்டோன் பெண் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: “அண்ணே, அது அந்த அக்காவே பார்த்திராத முகம். பார்த்த ஆயிரம் பேரும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நின்னாங்க. போன்ல பார்க்கிறவன் கும்பிடுவானா?”

முடிவு அதிலிருந்துதான் வந்தது. படம் அன்றே நீக்கப்பட்டது. எடுத்தவரும் பெரியவரும் அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பேசினார்கள். அருள் வந்தவர்கள், அலகு குத்தும் நேரத்தில் வலி தெரியும் முகங்கள், குழந்தைகள் ஆகிய மூன்றையும் சம்மதம் கேட்காமல் குழுவுக்கு வெளியே போடுவதில்லை என்று விதி வைத்தார்கள். திருவிழா முடிந்தபின், அவர்கள் தன்னிலைக்கு வந்தபிறகு, படத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

இதற்காக உறுப்பினர் சிலர் விலகினார்கள். ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து குடும்பங்கள் தாமாகவே படக்காரர்களைக் கூப்பிட்டன. குறிப்பாக தட்டோன் பெண்ணைப் பொங்கல் வைக்கும் பெண்களுக்கு நடுவே, ஆண் படக்காரர்கள் நிற்க முடியாத இடங்களில், தாராளமாக விட்டார்கள். குழுவில் பெண்கள் இருவர்தான். அவர்கள் எடுத்த படங்கள் இல்லாவிட்டால் திருவிழாவின் பாதி பதிவாகியே இருக்காது.

பேனரும் வேலைப் பங்கீடும்

உறுப்பினர் ஒருவரின் படத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டு ஒரு பிளெக்ஸ் கடைக்காரர் கோவில் பேனரில் அச்சடித்தார். பொதுவில் திட்டி எழுத வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. கடைக்காரரும் ஊர்க்காரர், நாளைக்கும் அவரிடம்தான் போக வேண்டும். நேரில் பேசி, பெயரையும் ஒரு தொகையையும் வாங்கினார்கள். அதன்பின் சிறிய அளவுப் படங்களையே ஏற்றினார்கள். ஃப்ளிக்கரில் படத்தை யார் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. பேஸ்புக்கில் அப்படி இல்லாததால் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதினார்கள்.

2018-க்குள் திருவிழா நாள்காட்டி ஒன்றை வைத்துக்கொண்டு வேலையைப் பங்கிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தால் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஒரு 70–200 மி.மீ. லென்ஸ் பஸ் டிரைவர் கையில் யாங்கோனுக்கும் மோல்மேனுக்கும் மாறி மாறிப் போய் வந்தது. பேருந்து நிலையத்தில் போய் அதை வாங்கும்போதுதான் சிலர் ஒருவரையொருவர் முதன்முதலாக நேரில் பார்த்தார்கள்.

ஃப்ளிக்கர் கணக்கு

2018 ஏப்ரலில் ஸ்மக்மக் என்ற நிறுவனம் ஃப்ளிக்கரை வாங்கியது. நவம்பரில், இலவசக் கணக்குகளுக்கு இனி 1000 படங்கள்தான், அதற்கு மேல் உள்ளவை 2019-இல் நீக்கப்படும் என்று அறிவித்தது. மருந்துக் கடைக்காரரிடம் அதற்கு மேல் இருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் கார்டு அவரிடம் இல்லை. எல்லாவற்றையும் இறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி எடுத்தார். ஒன்று அவரிடம், ஒன்று மோல்மேனில். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் மூலப் படங்களை அந்த இரண்டு டிஸ்க்குகளில் சேர்க்கத் தொடங்கினார்கள். அடுத்து நடக்கப் போவது தெரிந்து செய்ததல்ல. ஆனால் அதுதான் படங்களைக் காப்பாற்றியது.

2021

2020-இல் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றன. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 4ஆம் தேதி பேஸ்புக் தடுக்கப்பட்டது. அடுத்த நாள் இன்ஸ்டாகிராமும் ட்விட்டரும். மார்ச் நடுவில் செல்போன் இணையமே நின்றது. நாற்பது பேரைச் சேர்த்து வைத்திருந்த இடம் சில வாரங்களில் இல்லாமல் போனது. தடையைத் தாண்டிப் போக உதவும் வி.பி.என். வைத்து உள்ளே போனவர்கள் சிலர்தான்.

முதலில் எடுக்க வேண்டியிருந்த முடிவு இணைப்பைப் பற்றியது இல்லை, படங்களைப் பற்றியது. குழுவில் ஆயிரக்கணக்கான முகங்கள், பெயர் டேக்குகள், ஊர்ப் பெயர்கள் இருந்தன. சாலைகளில் போன்களைத் திறந்து பார்க்கிறார்கள் என்ற நிலையில், இவை யாருக்கு எப்படிப் பாதகமாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அட்மின், பெரியவர், தட்டோன் பெண் மூவரும் போனில் பேசி, டேக்குகளையும் ஊர் விவரங்களையும் நீக்கிவிட்டு, பிறகு குழுவையே மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கேள்வி பதில்களும் அதோடு போயின. பெரியவருக்கு அதுதான் பெரிய வருத்தம். படம் டிஸ்க்கில் இருக்கிறது, பேச்சு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இருந்தாலும் மூடியது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். படத்தில் இருப்பவர்களின் பாதுகாப்பை எடைபோடும்போது வேறு எதையும் எதிர்த்தட்டில் வைக்க முடியாது.

அதன்பின் தொடர்பில் இருந்தவர்கள் யார் என்று கேட்டால், போன் எண் பரிமாறியவர்கள். ஒருவர் லென்ஸை மற்றவர் பயன்படுத்தியவர்கள், ஒருவர் விட்டுக்கொடுத்த கல்யாணத்தை மற்றவர் எடுத்தவர்கள், வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் அப்படி மிஞ்சினார்கள். லைக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அடையாளம் தெரியாமல் போய்விட்டார்கள். எண் தெரியாது, சிலருடைய உண்மைப் பெயர்கூடத் தெரியாது.

பினாங்குத் தொடர்பு

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு தப்பாகிவிடும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இளைஞர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். தீமிதிப் படம் எடுத்த பையனும் மலேசியா போனான். அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது. மருந்துக் கடைக்காரர், பல ஆண்டுகளாகத் திறக்காத ஃப்ளிக்கர் கணக்கில் பினாங்குக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினார். கூடவே அந்த 2015 படத்தையும் காட்டினார். நாலு நாள் கழித்து பதில் வந்தது. அவருக்கு அறிமுகமான ஒரு கல்யாணப் படக்காரரிடம் பையனுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது.

வேலை தேடுபவருக்கு நெருங்கிய நண்பரைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்தான் பல சமயம் உதவுகிறார் என்று அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இலேயே எழுதினார். நெருங்கியவர்கள் எல்லோரும் ஒரே வட்டத்தில் இருப்பார்கள். தூரத்தில் இருப்பவருக்குத்தான் வேறு வட்டம் தெரியும். இங்கே நடந்ததும் அதுதான். பாகோ, தட்டோன், மோல்மேன் உறவுகள் எவ்வளவு பலமாக இருந்தாலும் பினாங்கில் ஒரு வேலை வாங்கித் தந்திருக்க முடியாது. வெறும் பாராட்டில் நின்ற அந்தப் பழைய தொடர்பு, ஃப்ளிக்கர் கணக்கு உயிரோடு இருந்ததால் தேவைப்பட்டபோது பயன்பட்டது.

இன்றைய நிலை, மாற்ற வேண்டியவை

திருவிழாக்கள் சில ஊர்களில் சிறிய அளவில் மறுபடி நடக்கின்றன. ஆறு பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். படங்களை இணையத்தில் போடுவதைவிட, பிரிண்ட் போட்டுக் குடும்பங்களிடம் கொடுப்பதுதான் இப்போது வழக்கம். மோல்மேன் ஸ்டூடியோவைப் பெரியவரின் மகள் பார்த்துக்கொள்கிறார்.

மறுபடி தொடங்குவதென்றால் என்ன மாற்றுவீர்கள் என்று அவர்களைக் கேட்டேன். உறுப்பினர்களின் போன் எண்களை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வைப்பது என்றார் மருந்துக் கடைக்காரர். கேள்வி பதில்களை மாதம் ஒரு முறை தனியாகப் பிரதி எடுத்து வைப்பது என்றார் பெரியவர். தட்டோன் பெண் சொன்னது வேறு: சம்மத விதியை 2017-இல் ஒரு குடும்பம் அவமானப்பட்ட பிறகு வைத்தோம், அது 2016-இல் நிபந்தனை எழுதும்போதே இருந்திருக்க வேண்டும், பெண்கள் இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் இருந்திருக்கும். டேக் செய்வதைப் பற்றி அவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. டேக்தான் ஊர்களைச் சேர்த்தது, டேக்தான் பின்னால் பயத்தையும் கொண்டு வந்தது.

இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று படிக்கும்போது சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. புதியது வாங்கி மாற்றும் வேலை நடக்கிறது. பாகோ கோவில் நிர்வாகம் தங்கள் திருவிழாப் படங்களின் பிரதியைக் கேட்டிருக்கிறது. அருள் வந்தவர்களின் படங்களை அதில் சேர்ப்பதா, அவரவர் வீட்டில் மறுபடி போய்க் கேட்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தட்டோன் பெண் கேட்கப் போகும் வீடுகளின் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டார்.